கடிகார ரேடியோ நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது?

கட்டில் பக்கத்து மேசையில் வைக்கும் கடிகார ரேடியோவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் தவறாமல் இதைச் சொல்வார்: "அதில்தான் ரேடியோ இருக்கிறதே, நேரத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்." இன்னொருவர், "அது சாட்டிலைட்டிலிருந்து எடுக்கிறது" என்பார். மூன்றாமவர், "வெளிநாட்டு செட் என்றால் ஒரு டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று முடித்துவைப்பார். பெரும்பாலான செட்டுகளைப் பொறுத்தவரை மூன்றும் தவறு.

எங்கள் வீட்டில் இது பேச்சோடு நிற்கவில்லை. உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிகார ரேடியோ கொண்டுவந்து கொடுத்தார். சிவப்பு எண்கள் இருட்டில் பளிச்சென்று தெரியும். இரவு எழுந்தால் கண்ணாடியைத் தேடாமல் மணி பார்க்கலாம் என்பதே அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினோம். இரவு 10 மணிக்கு நேரம் வைத்து, காலை 6 மணிக்கு அலாரமும் வைத்தோம். மறுநாள் அது அடித்தபோது உண்மையான மணி 7.36. அப்பா ஏற்கெனவே எழுந்து நடைப்பயிற்சியும் முடித்து வந்திருந்தார். செட் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அது கெடவில்லை. தனக்குத் தெரிந்த வேலையை ஒரு பிசகும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் ஆனது. புரிந்த பிறகு, அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பட்டனும் எதற்கு என்று தெளிவாகிவிட்டது.

ஒரே பெட்டி, இரண்டு குடித்தனம்

கடிகார ரேடியோவை ஒரே பொருளாக நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு வீட்டில் இரண்டு ஒட்டுக்குடித்தனம் இருப்பதைப் போல அதை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடிகாரம், மறுபக்கம் ரேடியோ. இருவருக்கும் கூரை ஒன்று, கரண்ட் இணைப்பு ஒன்று. ஆனால் அடுப்பு தனித்தனி.

ரேடியோவில் "இப்போது நேரம் ஏழு மணி" என்று அறிவிப்பாளர் சொன்னாலும் பக்கத்திலிருக்கும் கடிகாரத்தின் காதில் அது விழாது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு உண்டு: குறித்த நேரம் வந்ததும் கடிகாரம் ரேடியோவின் சுவிட்சைப் போடும். அதுதான் அலாரம். போக்குவரத்து கடிகாரத்திலிருந்து ரேடியோவுக்கு மட்டுமே. ரேடியோவிலிருந்து கடிகாரத்துக்கு எதுவும் போவதில்லை.

சரி, அப்படியென்றால் கடிகாரத்துக்கு நேரம் எப்படித் தெரிகிறது?

நெல் அளப்பவரின் எண்ணிக்கை

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அளப்பவர் மரக்காலை நிரப்பி, தலை தட்டிக் கொட்டும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார். அப்புறம் "ரெண்டு, மூணு" என்று போகும். 12 மரக்கால் ஆனால் ஒரு கலம். பக்கத்தில் ஒருவர் ஒரு கோடு போடுவார். குவியலில் மொத்தம் எவ்வளவு நெல் இருக்கிறது என்று அளப்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர் எண்ணுகிறார், எண்ணிக்கை முடிந்ததும் கோடு விழுகிறது. அவ்வளவுதான்.

கடிகாரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு நேரம் தெரியாது. ஒரே சீராக வந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு துடிப்பை எண்ணுகிறது, அவ்வளவே. இத்தனை துடிப்பு ஆனால் ஒரு விநாடி என்று கோடு போடுகிறது. 60 கோடு ஆனால் ஒரு நிமிடம்.

எந்தத் துடிப்பை? கரண்ட் ஒயரில் வேலை செய்யும் பழைய பாணி சிவப்பு எண் செட்டுகள் பலவற்றில், சுவரில் இருந்து வரும் கரண்டையே அது எண்ணுகிறது. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். அதாவது ஒரே பக்கம் ஓடாமல் முன்னும் பின்னுமாக ஆடுவது. ஊஞ்சல் ஒரு முறை போய் வருவதைப் போல அது ஒரு முறை போய் வருவதை ஒரு சுற்று என்போம். ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்பதுதான் அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நம் கடிகாரம் 50 சுற்று எண்ணியதும் ஒரு விநாடி என்று கோடு போடும். ஒரு நாளைக்கு 43 இலட்சத்து 20 ஆயிரம் சுற்றுகளை ஒன்று விடாமல் எண்ணியாக வேண்டும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கடிகாரம் நேரத்தை எங்கிருந்தும் பெறுவதில்லை. நாம் ஒரு தொடக்கம் வைத்துக் கொடுக்கிறோம், அங்கிருந்து அது எண்ணிக்கொண்டே போகிறது.

அப்பாவின் செட்டுக்கு என்ன ஆனது

அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இரண்டு எண்களுமே மாறுகின்றன. வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தம். மேல்நிலைத் தொட்டியின் உயரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்பார்மர் அந்த அழுத்தத்தைத்தான் குறைக்கிறது. ஊஞ்சல் எத்தனை முறை ஆடுகிறது என்பதில் அது கைவைப்பதில்லை. உள்ளே 50 போனால் வெளியே வருவதும் 50தான்.

அப்பாவின் செட் 60 எண்ணினால்தான் ஒரு விநாடி என்று பழக்கப்பட்டது. இங்கே விநாடிக்கு 50தான் கிடைக்கிறது. 60 சேரும்வரை அது பொறுமையாகக் காத்திருந்தது. 60 சேர 1.2 விநாடி ஆகும். அதனால் உண்மையில் ஒரு மணி நேரம் ஓடும்போது அதன் முகத்தில் 50 நிமிடம்தான் ஓடும். மணிக்கு 10 நிமிடம், நாளைக்கு 4 மணி நேரம் பின்தங்கும். இரவு 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரத்தை எண்ணி முடிக்க அதற்கு 9 மணி 36 நிமிடம் பிடித்தது. 7.36-க்கு அடித்த கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை பாருங்கள்.

பல செட்டுகளின் அடியிலோ பின்பக்கத்திலோ 50/60 என்று எழுதிய ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். பேட்டரி மூடிக்குள்ளே ஒளிந்திருப்பதும் உண்டு. அதை 50 பக்கம் தள்ளினால் தீர்ந்தது. அப்பாவின் செட்டில் அது பேட்டரி மூடியின் உள்ளே நகம் நுழையும் அளவுக்கு இருந்தது. பல்குத்தும் குச்சியால் தள்ளினேன். அன்றிலிருந்து பிரச்சினை இல்லை. கரண்டை எண்ணும் செட்டில் அந்த சுவிட்சே இல்லை என்றால், பெரும்பாலும் ரேடியோவாக மட்டும்தான் அது இங்கே பயன்படும். சவூதியிலிருந்து செட் கொண்டுவருபவர்களும் இதைப் பார்க்க வேண்டும், அங்கேயும் 60 ஹெர்ட்ஸ்தான். துபாய், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எல்லாம் நம்மைப் போலவே 50 என்பதால் கவலையில்லை.

கரண்டே தாளம் தப்பினால்

கரண்டை நம்பி எண்ணுகிற கடிகாரம், கரண்ட் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் சரி. கிரைண்டரில் அரிசியை ஒரேயடியாகக் கொட்டினால் கல் மெதுவாகிறது அல்லவா? மின் நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்களும் அப்படித்தான். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் மோட்டாரும் ஏசியும் போட்டு, உற்பத்தியைவிடத் தேவை கூடிவிட்டால் அவற்றின் வேகம் கொஞ்சம் இறங்குகிறது. அதிர்வெண்ணும் 50-லிருந்து இறங்குகிறது.

இந்தியாவில் 49.90 முதல் 50.05 வரை இருக்க வேண்டும் என்பது விதி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையிலான 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு, அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் பிணைக்கும் கம்பி வலை, நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாக இணைந்தது. அதனால் இன்று நாகர்கோவிலில் ஒரு வீட்டு ரேடியோ கடிகாரம் எத்தனை விநாடி பிசகுகிறதோ, அமிர்தசரஸில் இருப்பதும் அதே அளவு பிசகும். ஒரு நாள் முழுக்க 49.95-லேயே நின்றது என்று வைத்துக்கொண்டால் பின்தங்குவது 86 விநாடி, ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். நடைமுறையில் ஏறியும் இறங்கியும் போவதால் பெரும்பகுதி தானே ஈடாகிவிடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2018-ல் ஐரோப்பாவில் இது கண்முன் நடந்தது. செர்பியா, கொசோவோ பகுதியில் ஏற்பட்ட தகராறில், தொகுப்புக்கு வரவேண்டிய மின்சாரம் குறைந்தது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பியக் கண்டத்தின் அதிர்வெண் சராசரியாக 49.996 என்று நின்றது. குறைவு பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடிகாரம் அதையும் விடாமல் எண்ணியது. சுமார் ஐம்பது நாளில் பல நாடுகளில் கடிகார ரேடியோக்களும் மின் அடுப்புகளின் கடிகாரங்களும் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டன. பிறகு அதிர்வெண்ணை 50-க்குச் சற்று மேலே வைத்து ஓட்டி, விட்ட நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மின் நிறுவனங்கள் அதிர்வெண்ணை இத்தனை கவனமாகப் பார்த்துக்கொள்வதற்கே கடிகாரங்கள் ஒரு காரணம். ஹென்றி வாரன் என்ற அமெரிக்கர் கரண்டின் சுற்றுகளை வைத்து ஓடும் கடிகாரத்தை உருவாக்கினார். அது சரியாக ஓடவேண்டும் என்றால் கரண்ட் சரியாக வரவேண்டும். அதற்காக 1916-ல் பாஸ்டன் நகர மின் நிலையத்தில், அதிர்வெண்ணைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு தலைமைக் கடிகாரத்தை நிறுவ வைத்தார். மேசை மேல் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டிக்காக ஒரு மின் நிலையமே தாளம் கற்றுக்கொண்டது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் மறக்கக் கூடாது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது கடிகாரம் எண்ணுவது இன்வெர்ட்டர் உண்டாக்கும் சுற்றுகளை. விலை குறைந்த இன்வெர்ட்டரில் அலை சுத்தமாக இருக்காது. நடுவில் வரும் இரைச்சலையும் சேர்த்துச் சுற்று என்று எண்ணிவிட்டால் கடிகாரம் முந்தி ஓடும். உங்கள் செட் மின்வெட்டு நாட்களில் மட்டும் வேகமாக ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

உள்ளேயே தாளம் போடும் செட்டுகள்

புதிய செட்டுகளில் பலவும் கரண்டை எண்ணுவதில்லை. பேட்டரியிலோ யுஎஸ்பி சார்ஜரிலோ ஓடும் செட்டுக்கு எண்ணுவதற்குச் சுற்றே கிடைக்காதே! அவற்றுக்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் இருக்கும். குவார்ட்ஸ் ஒரு வகைக் கனிமம். மின்சாரம் கொடுத்தால் தம்புராத் தந்தி போல அதிரும். கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதுவே. அது விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கும். ஏன் இந்த விநோத எண்? 32,768-ஐ இரண்டாக வகுத்துக்கொண்டே போனால் பதினைந்தாவது முறை சரியாக 1 வரும். பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிகச் சுலபமான வேலை.

இத்தகைய செட் நாளைக்கு ஒன்றிரண்டு விநாடி பிசகலாம். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் இருக்கும். எந்த நாட்டில் செருகினாலும் ஒரே மாதிரி ஓடும். உங்கள் செட் எந்த வகை என்று தெரியவில்லையா? கரண்ட் ஒயர் நேராகப் பெட்டிக்குள் போகிறது, 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு இடம் இருக்கிறது என்றால் பெரும்பாலும் முதல் வகை. ஒயர் முனையில் போன் சார்ஜர் மாதிரி அடாப்டர் இருந்தால் அநேகமாகக் குவார்ட்ஸ்.

ஆக, துடிப்பு வெளியிலிருந்து வருகிறதா, உள்ளே பிறக்கிறதா என்பதுதான் வித்தியாசம். எண்ணும் வேலை இரண்டிலும் ஒன்றே.

கரண்ட் போனால்

காலையில் எழுந்து பார்த்தால் எண்கள் விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருக்கும். பலரும் செட் கெட்டுவிட்டது என்று நினைப்பது அப்போதுதான். உண்மையில் அது, "எண்ணிக்கை அறுந்துவிட்டது, நான் சொல்வதை நம்பாதீர்கள்" என்கிறது.

கரண்ட் திரும்பியதும் பல செட்டுகள் நள்ளிரவு 12.00 என்று வைத்துக்கொண்டு, மினுக்கியபடியே அங்கிருந்து எண்ணத் தொடங்கும். அதில் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. இப்போது மணி 6.10, செட் 2.35 என்று மினுக்குகிறது என்றால், கரண்ட் வந்து 2 மணி 35 நிமிடம் ஆகிறது. அதாவது 3.35-க்கு வந்திருக்கிறது. பிரிட்ஜில் வைத்த பாலை முகர்ந்து பார்க்கலாமா என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் இதைப் பார்ப்பதுண்டு.

இதைத் தவிர்க்கத்தான் பேட்டரி. 9 வோல்ட் சதுர பேட்டரியோ, பட்டன் மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரியோ போடும் இடம் அடியில் இருக்கும். இதைப் போட்டால் கரண்ட் போனாலும் ரேடியோ பாடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பாடாது. எண்களும் பெரும்பாலும் அணைந்துவிடும். இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மட்டும்தான் அந்த பேட்டரி. பழைய பாணி செட்டுகளில் கரண்ட் இல்லாதபோது எண்ண வேறு துடிப்பு வேண்டுமே, அதற்காக ஒரு மலிவான மின்சுற்றைத் துணைக்கு வைத்திருப்பார்கள். அதன் தாளம் சுமார்தான். நாலைந்து மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு சில நிமிடம் தள்ளியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், திருத்தி வையுங்கள்.

பேட்டரியைப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். கசிந்து, உள்ளே பச்சைப் பாசி மாதிரி பூத்து, முனைகளை அரித்துவிடும். பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது அந்த மூடியையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

நேரம் வைப்பதும் இரண்டு ஏஎம் குழப்பமும்

பெரும்பாலான செட்டில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் தோற்றுப்போகிறார்கள். "டைம்" பட்டனை ஒரு முறை தட்டிவிட்டு, அப்புறம் "ஹவர்" பட்டனைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. இடது கை விரல் டைமிலேயே இருக்கட்டும். வலது கையால் மணியை ஏற்றுங்கள், பிறகு நிமிடத்தை. எண்கள் முன்னோக்கி மட்டுமே போகும் செட்டுகள் உண்டு. வேண்டிய நிமிடத்தைத் தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று வர வேண்டியதுதான். கையில் போனை வைத்துக்கொண்டு, அடுத்த நிமிடத்தை முன்கூட்டியே வைத்து, போனில் நிமிடம் மாறும்போது கையை எடுத்தால் விநாடிகூடக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

இப்போது அந்த முகப்பை நன்றாகப் பாருங்கள். எண்களுக்கு இடது மூலையில் கடுகளவு ஒரு புள்ளி. பக்கத்தில் ஏஎம் அல்லது பிஎம் என்று அச்சிட்டிருக்கும். அது முற்பகல், பிற்பகல். அதே பெட்டியின் பக்கவாட்டில் இன்னொரு சுவிட்ச், அதிலும் ஏஎம், எஃப்எம் என்று எழுதியிருக்கும். அது ரேடியோ அலையின் வகை. ஒரே எழுத்து, ஒரே பெட்டி, ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் காலை அலாரத்துக்காகப் பக்கவாட்டு சுவிட்சை ஏஎம் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ஏன் வெறும் கரகர சத்தம் வருகிறது என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அப்படி எழுதி வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

புள்ளியைக் கவனிக்காமல் நேரம் வைத்தால் காலை 6 மணி அலாரம் மாலை 6-க்கு அடிக்கும். நள்ளிரவு 12 என்பது முற்பகல் கணக்கு, நண்பகல் 12 பிற்பகல் கணக்கு. இதிலும் சறுக்குவார்கள். 24 மணி நேர முறை இருக்கும் செட் என்றால் தயங்காமல் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரயில் அட்டவணை படித்தவர்களுக்கு அது புதிதில்லை.

அலாரம், ஸ்னூஸ், ஸ்லீப்

அலாரத்துக்கு இரண்டு வழி: பீப் ஒலி, அல்லது ரேடியோ. ரேடியோவைத் தேர்ந்தால், கடிகாரம் சுவிட்சைப் போடுவதோடு அதன் கடமை முடிந்தது. இரவு பாட்டு கேட்டு ஒலியைப் பூஜ்யத்துக்குத் திருகி வைத்திருந்தால் காலையில் ரேடியோ ஊமையாகப் பாடும். ஸ்டேஷன் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் இரைச்சல்தான் எழுப்பும். படுக்கும் முன் ஒரு நிமிடம் ரேடியோவைப் போட்டு, காலையில் கேட்க வேண்டிய அளவுக்கு ஒலியை வைத்து, அணைத்துவிட்டுப் படுங்கள். முக்கியமான பயணம், பரீட்சை என்றால் பீப் ஒலிதான் என் சிபாரிசு.

ஸ்னூஸ் என்பது "இன்னும் கொஞ்ச நேரம்" பட்டன். ஜெனரல் எலக்ட்ரிக்கின் டெலிக்ரான் 1956-ல் இதைக் கடிகாரத்தில் வைத்து விற்றது. அந்த டெலிக்ரானை நிறுவியவரும் மேலே பார்த்த அதே ஹென்றி வாரன்தான். பெரும்பாலான செட்டில் 9 நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும். ஸ்லீப் என்பது முற்றிலும் வேறு. அது எழுப்பவே எழுப்பாது. இரவு பாட்டு கேட்டபடியே தூங்குகிறவர்களுக்காக, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கழித்து ரேடியோவைத் தானே அணைக்கும் பட்டன் அது. தூங்குவதற்கு முன்னால் ஸ்லீப், எழுப்பிய பின்னால் ஸ்னூஸ்.

ரேடியோ பக்கத்துக் குடித்தனம்

பின்னால் ஒரு மெல்லிய ஒயர் தொங்குகிறதா? அதன் முனையில் பிளக்கும் இருக்காது, எதிலும் செருகவும் முடியாது. தேவையில்லாத ஒயர் என்று சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள். வெட்டிவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். அதுதான் எஃப்எம் ஆன்டெனா. எஃப்எம் அலை ஒன்றின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் அளவு ஒயர் நீட்டி இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். சுருட்டி வைத்தால் குடையை மடக்கிவைத்து மழைநீர் பிடிப்பது மாதிரி. அதை முழுக்க நீட்டி, ஜன்னல் பக்கமாகச் சுவரில் டேப் ஒட்டி விடுங்கள். ஒயரே இல்லாத சில செட்டுகளில் கரண்ட் ஒயர்தான் ஆன்டெனா. அதையும் சுருட்டக் கூடாது.

ஏஎம் வேறு கதை. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 416 மீட்டர். அதில் கால்பங்கு ஒயரை யாரும் வீட்டில் கட்ட முடியாது. அதனால் பெட்டிக்குள்ளேயே ஃபெரைட் என்ற கருப்புக் காந்தப் பொருளால் ஆன ஒரு குச்சியில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தக் குச்சிக்குத் திசை உண்டு. அதன் நீளவாட்டுப் பக்கம் நிலையத்தைப் பார்த்தால் ஒலி தெளிவு, முனை பார்த்தால் மங்கல். ஜன்னல் காற்று வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது போலத்தான். ஆகவே ஏஎம் சரியாக வரவில்லை என்றால் வெளியே தொங்கும் ஒயரை ஆட்டிப் பயனில்லை. பெட்டியையே மெதுவாகத் திருப்புங்கள்.

ஏஎம் அலையில் பாட்டு அலையின் உயரத்தில் பதிந்து வருகிறது, எஃப்எம்மில் அலையின் நெருக்கத்தில். போன் சார்ஜர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் எல்லாம் கிளப்பும் மின் இரைச்சல் பெரும்பாலும் உயரத்தைத்தான் குலைக்கிறது. அதனால்தான் ஏஎம் கரகரக்கிறது, எஃப்எம் தப்பித்துக்கொள்கிறது. சார்ஜரை வேறு அறைக்கு மாற்றியதும் ஏஎம் துலங்குவதை நீங்களே பார்க்கலாம்.

அமெரிக்க செட்டில் இங்கேயும் ஒரு தடங்கல் வரலாம். எண்ணாகக் காட்டும் அந்த ஊர் செட்டுகள் பல, எஃப்எம்மில் 98.1, 98.3, 98.5 என்று ஒற்றைப்படையாகத்தான் தாவும். சென்னையில் 98.3 மிர்ச்சி கிடைக்கும். 101.4 ரெயின்போ வேண்டும் என்றால் 101.3 அல்லது 101.5-ல் நின்று கரகரக்கும். ஏஎம்மிலும் அங்கே 10-10 ஆகத் தாவும், நமக்கு 9-9 ஆக வேண்டும். திருகு வைத்த பழைய பாணி செட்டில் இந்தத் தொல்லையே இல்லை.

அப்படியென்றால் தானே நேரம் வைக்கும் செட்டுகள்?

உண்டு, ஆனால் நினைப்பது போல இல்லை. "தானாக நேரம் வைக்கும்" என்று அட்டையில் அச்சிட்ட செட்டுகள் பலவும், தொழிற்சாலையிலேயே நேரம் வைத்து, உள்ளே பட்டன் பேட்டரி போட்டு அனுப்பப்பட்டவை. பெட்டியைத் திறந்து செருகியதும் சரியான நேரம் வருவதன் ரகசியம் இதுதான். வழியெல்லாம் அது எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவுக்கான செட்டில் தேர்ந்தெடுக்க அமெரிக்க நேர மண்டலங்களே இருக்கும். நம் நேரத்தைக் கையால் வைத்தாலும், அவர்களுடைய கோடைகால நேர மாற்றம் வரும் மார்ச்சிலும் நவம்பரிலும் திடீரென ஒரு மணி நேரம் தாவும். அந்த வசதியை அணைத்துவைக்க வேண்டும்.

உண்மையிலேயே வானிலிருந்து நேரம் பிடிக்கும் கடிகாரங்களும் இருக்கின்றன. ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் அருகே மைன்ஃப்ளிங்கனில் இருந்து 77.5 கிலோஹெர்ட்ஸிலும், அமெரிக்காவில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் இருந்து 60 கிலோஹெர்ட்ஸிலும் நேரக் குறியீட்டை ஒலிபரப்புகிறார்கள். அதைக் கேட்பதற்கென்று தனியாக ஒரு குட்டி ரேடியோ அந்தக் கடிகாரங்களுக்குள் இருக்கும். பாட்டு கேட்கும் ரேடியோ அது இல்லை. ஜெர்மனியின் சமிக்ஞை எட்டுவது சுமார் 2,000 கிலோமீட்டர். அந்தக் கடிகாரத்தைச் சேலத்தில் கொண்டுவந்து வைத்தால் அதுவும் மற்றவை போல உள்ளே இருக்கும் குவார்ட்ஸைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். எஃப்எம் ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பும் நேரத் தகவலைப் படிக்கும் சில செட்டுகளும் உண்டு. அந்த நிலையம் அதை அனுப்பினால், அதுவும் சரியாக அனுப்பினால், வேலை செய்யும்.

அப்பாவின் செட் இப்போது ஜன்னலை ஒட்டிய அலமாரியில் இருக்கிறது. எஃப்எம் ஒயரை ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்போடு ஒட்டியிருக்கிறேன். பெட்டி மட்டும் சுவருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கோணலாக நிற்கும். வீடு பெருக்கும்போது யாராவது அதை நேராக்கி வைத்துவிடுவார்கள். காலை 6.45 மாநிலச் செய்திக்கு முன்னால் அப்பா எழுந்துபோய் அதை மறுபடி கோணலாக்கிவிட்டு வந்து உட்காருவார்.